புள்ளி

ஏழாம் வினா:
ஊடக ஒழுக்கநெறிகள் ஐந்து தருக.
ஒன்றுக்கு ஒரு புள்ளி.

இரண்டாம் தவணை விடைத்தாள் முப்பத்தெட்டு.
குறுமண்வெளித் துறையில்
பாதை வரும்வரை மடியில் வைத்துத் திருத்துகிறேன்.
எந்தக் கரையில் என் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள்.
வாவிக் காற்று ஒவ்வொரு தாளையும்
தான் ஒருதரம் புரட்டிவிட்டே எனக்குத் தருகிறது.

உண்மையை உறுதிசெய்தல். பக்கம் சாராமை.
அந்தரங்கத்தை மதித்தல்.
சிறுவரின் அடையாளத்தை வெளியிடாமை.
தவறு நேர்ந்தால் திருத்தம் வெளியிடல்.
முப்பத்தாறு பேருக்கு முழுப்புள்ளி.
நான் சொல்லிக்கொடுத்த வரிசை,
என்னுடைய காற்புள்ளிகூட அதே இடத்தில்.

போன வியாழன் அந்த வீடியோ வந்தது.
கடைக் கமராவில் பதினொரு செக்கன்.
வெள்ளைச் சீருடை, இரட்டைப் பின்னல்,
கழுத்துப்பட்டியின் நிறம்
(எழுதினேன், வெட்டிவிட்டேன்.)
ஒரு கை பால்மாப் பைக்கற்றை எடுத்துப்
புத்தகப் பைக்குள் வைக்கிறது.
பிறகு முகம் நிமிர்ந்து கமராவைப் பார்க்கிறது,
அடையாள அட்டைக்குப் படம் எடுக்க நின்றதுபோல.

"ரெண்டு பேருக்குத்தான் அனுப்பின நான்"
என்றார் கடைக்காரர்.
அந்த ரெண்டு பேரும் ரெண்டு பேருக்குத்தான்.
பின்னேரம் ஒரு செய்திப் பக்கம்
சிவப்பு வட்டம் போட்டது.
இரவு யாரோ ஒரு பொடியன்
சினிமாச் சிரிப்பொன்றை வெட்டி ஒட்டினான்.
வெள்ளி காலை கல்முனை பஸ்ஸில் கொண்டக்டர்,
"பால்மா வச்சிருக்கிற ஆக்கள் பின்னுக்குப் போங்க" என்றான்.
பஸ் முழுக்கச் சிரித்தது.
எனக்கும் உதடு அசைந்தது.
சனிக்கிழமை ரியூசனில்
பேனையை இரவல் எடுத்தவனுக்கும் அதுதான் பெயர்.

ஆசிரியர் அறையில் தவநேசன் சேர்,
"ஒழுக்கம் வீட்டில இருந்து வரவேணும்" என்றார்.
றிஸ்மினா டீச்சர் கேட்டா:
"பைக்கற் இப்ப என்ன விலை?"
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
எல்லாருக்கும் தெரிந்த விலை.

முப்பத்தேழாவது தாள்.
மற்ற எல்லா வினாவுக்கும் விடை இருக்கிறது,
குண்டு குண்டான, அவசரமில்லாத எழுத்து.
ஏழுக்கு மட்டும்
இலக்கம் போட்டு, கீழே கோடு இழுத்து,
அவ்வளவுதான்.
சுட்டெண்ணைப் பார்த்தேன்.
இங்கே எழுதமாட்டேன்.

கடைசித் தாள் கேதாரணியுடையது.
பின்வாங்கில் இருப்பவள்; கேள்வி கேட்டு அறியேன்.
ஐந்துக்கு இரண்டுதான் எழுதியிருக்கிறாள்:
ஒன்று, அவள்ட முகத்த மறைச்சிருக்கலாம்.
இரண்டு, டீச்சர் குறூப்பில போட்டத அழிக்கலாம்.

ஆம், போட்டேன்.
பத்தாம் வகுப்புப் பெற்றோர் குறூப்பில்,
"பெற்றோர் கவனத்திற்கு" என்று தலைப்பிட்டு.
அது கடமை என்றுதான் கைக்குத் தோன்றியது.
முகத்தை மறைப்பதென்றால்
பெரிய பெரிய புள்ளிகளாய் உடைப்பது.
அதைக் கரும்பலகையில் கீறிக் காட்டியவளும் நான்.

போனை எடுக்கிறேன்.
எல்லாருக்கும் அழிக்கும் காலம் போய்விட்டது.
எனக்கு மட்டும் அழிக்கவா என்று கேட்கிறது.
என்ன பெருந்தன்மை.

பாதை வந்து முட்டுகிறது.
மோட்டார்சைக்கிள்கள் இறங்க, மோட்டார்சைக்கிள்கள் ஏற,
மீன்பெட்டி வைத்திருந்த ஒருவர் எனக்கு இடம் விடுகிறார்.
அவர் போனிலும் யாரோ சிரிக்கிறார்கள்;
அது வேறு சிரிப்பாக இருக்கலாம்.

ஐந்தாவது நெறியை
பாடமாக்காமல் எழுதிப் பார்க்கிறேன்:
"அந்த வீடியோவை நான் அனுப்பியது பிழை.
வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள்.
பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்பேன்."
மூன்று வரி. நாலு தரம் அழித்து எழுதினேன்.
அனுப்பும்போது பாதை நடு வாவியில்.
சிக்னல் இல்லை.

மடியில் கேதாரணியின் தாள்,
இன்னும் புள்ளி போடாமல்.
என் மூன்று வரிக்குப் பக்கத்தில்
சரி அடையாளம் விழவில்லை;
ஒரு சின்ன மணிக்கூடு நிற்கிறது.